நாற்பத்து நான்கு

அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில்
பார்சல் கொட்டகைக்கு மேலே ஓர் அறை.
யாங்கோனில் கரண்டு இருந்தால் வேலை செய்வேன்.
போனால், எனக்குப் பதிலாக
ஜெனரேட்டர் இருமும்.

செயலியில் ஒரு பட்டியல்.
இன்றிரவு மண்டலே போகும் முந்நூறு பொட்டலங்கள்,
பொட்டலத்துக்கு ஒரு வரிசை,
வரிசைக்குள் அனுப்புகிறவர் எழுதும் குறிப்பு.

வரிசை எவ்வளவு உயரம் என்று கேட்டது கணினி.
இன்னும் யாரும் எழுதவே இல்லையே!
நாற்பத்து நான்கு என்றேன்,
மாப்பிள்ளை சம்பளம் கேட்டதும்
தரகர் சொல்லும் தொகையைப் போல.

நம்பிவிட்டது.
முந்நூறால் பெருக்கி
பதின்மூவாயிரத்து இருநூறு என்று
ஓரத்துச் சுருள்பட்டையைச் செதுக்கி வைத்தது.

பிறகு மனிதர்கள் வந்தார்கள்.

ஒருவர்: உடையும்.
ஒருவர்: மிளகாய்.
ஒருத்தி:
வீட்டு எண் கிடையாது. சைக்கிள் கடை தாண்டி
நீலக் கதவு. நாய் குரைக்கும், கடிக்காது.
தம்பி வாங்கமாட்டேன் என்பான்.
வாசலில் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள்.

விரல் தள்ளத் தள்ள
மெய்யான உயரங்கள் ஒவ்வொன்றாய் விழித்தன.
பட்டியல் துள்ளியது.
கோ தீஹா தொட்டது குடைப்பெட்டி,
திறந்தது தேயிலை.
கீழிருந்து கத்தினான்:
உன் பட்டியலுக்கு விக்கல்!

பர்மிய எழுத்து வேறு.
மண்டலே என்று எழுதினால்
நகரத்தின் காலடியில் தகரம் தொங்கும்
(எழுத்தைச் சொல்கிறேன்,
ஊரையோ கூரையையோ அல்ல).
நான் போட்ட கோடு
தொங்கும் தகரத்தின் பாதத்தை நறுக்கியது.
சேருமிடம்
முந்நூறு தடவை நொண்டியது.

அகலம் தெரியாமல் உயரம் கேட்கக் கூடாது
என்று அந்த வாரம் கற்றேன்.
அடையாள அட்டையில் நான் மா கின் லே, ஒரே வரி.
அம்மா கூப்பிட்டால் இன்பவல்லி,
சின்னக் கைப்பேசியில் இரண்டாக மடிவேன்.

அதனால் இப்போது
திரைக்கு வெளியே, யாரும் காணாத இடத்தில்,
ஒவ்வொரு குறிப்பையும் முழுதாக எழுதிப் பார்த்து
அளந்து
அழித்து
அளவை மட்டும் நினைவில் வைக்கிறேன்.
யாராவது எழுத்தைப் பெரிதாக்கினால்
அத்தனையும் மறந்து
முதலிலிருந்து.

துள்ளல் நின்றது.
மூன்றாம் நாள் மண்டலேயிலிருந்து போன்:
பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று நாறுகிறது.

கருவாடு.
அனுப்பியவர் ஊ மியா சோ.
வெள்ளிதோறும் அனுப்புகிறவர்,
குறிப்பில் எதுவும் எழுதாதவர்.
எழுத்து இல்லாததால் உயரம் சுழியம்.
இரண்டு வரிசைக்கு நடுவே
முடியளவு இடமும் இன்றி
அவர் இருந்திருக்கிறார்.
நிரலுக்குத் தெரியாததை மூக்கு கண்டுபிடித்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு,
ஒரு வார்த்தையாவது எழுதலாமே என்றேன்.
என்ன எழுத, என்றார்.
பிரித்ததும் அவளுக்குத் தெரியும்.

எழுதாதவருக்கும் இனி ஓர் இடம்;
இதற்குக் கீழே யாரும் குறையக் கூடாதென்று
ஓர் எண்.
நாற்பத்து நான்கு.
அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்,
இவர் ஒருவருக்கு அளவெடுத்தாற்போல் இருக்கிறது.

நீலக் கதவுப் பொட்டலம்
பிரிக்கப்படாமல் திரும்பி வந்து
கீழே தராசுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
முடிந்தவற்றை அழிக்கச் சொல்கிறான் கோ தீஹா.
அந்த வரிசையை மட்டும் தாண்டிப் போகிறேன்.
என் கைப்பேசியில்
அது ஏழு வரி.