நாலரை

பள்ளியிலிருந்து வந்த சீட்டில்
ஆசிரியை மிர்ட்டா எழுதியிருந்தாள்:
தினமும் கால் மணி நேரம்
பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள்.
'உட்கார்ந்து' என்ற சொல்லை
நின்றபடியே படித்துச் சிரித்தேன்.

கெயோன் துறைமுகத்துத் தொழிற்சாலையில்
ஒன்பது மணி நேரம் பெல்ட்டின் முன் நின்று
சால்மனுக்கு முள் பிடுங்குகிறவள் நான்.
எனக்குக் கால் மணி என்றால்
பதினெட்டு மீன்.

வீட்டில் வாசிக்க இருந்தவை:
படகு புறப்படும் நேர அட்டவணை,
ஓட்ஸ் டப்பாவின் முதுகு,
பள்ளி இரவல் தந்த புத்தகம் ஒன்று.
அதில் ஒரு கடல்நாய்க்குக் காய்ச்சல்.
இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும்.

எலியேசெருக்கு ஏழு வயது.
அவனைப் படுத்திய எழுத்துகள் இரண்டு.
ஒன்று தொப்பையை முன்னே தள்ளி நடக்கும்.
மற்றது மூட்டையை முதுகில் சுமக்கும்.
முன்னும் பின்னும் மாறினால்
எங்கள் மொழியில் 'தேதோ', விரல்,
'பேபோ' ஆகிவிடும், குடிக்கிறேன்.
கடல்நாய் தன் விரலைக் குடிக்கிறேன் என்றது.

முதல் வாரம்
எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.
பிழை தட்டுப்பட்ட இடத்தில்
இடுக்கியைப் போட்டு இழுத்தேன்.
புதன்கிழமை அவன்
வாயைத் திறக்கவே இல்லை.
முள்ளில்லாத மீன் மாதிரி
மேசைமேல் கிடந்தது புத்தகம்.

மிர்ட்டாவிடம் போய் நின்றேன்.
என் கையுறை நாற்றத்துக்கு
அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. அது பிடித்தது.
"தடுமாறினால் உடனே சொல்லித் தராதே," என்றாள்,
"மனசுக்குள் ஐந்து வரை எண்ணு.
தேடுகிறவன் கையில்
பொருளைத் திணிக்கக் கூடாது."

மனசுக்குள் எண்ண எனக்கு வராது.
விரல்விட்டுத்தான் எண்ணுவேன்.
என் இடது கையில் எண்ணினால்
நாலரைதான் வரும்.
ஆள்காட்டி விரலின் மேல்பாதியை
முன்வருட மே மாதம்
பெல்ட் வைத்துக்கொண்டது.

ஒன்று. தகரக் கூரையில் மழை.
இரண்டு. அவன் உதடு
தொப்பையா மூட்டையா என்று
தடவித் தடவிப் பார்க்கிறது.
மூன்று. சொல்லிவிடலாம், என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது.
நான்கு. அடுப்பில் ஈர விறகு சீறுகிறது.
வரிக்கு அடியில் நான் வைத்திருந்த
குட்டை விரலைப் பார்த்தான்.
"தேதோ," என்றான்.

எல்லா இரவும் அப்படி இல்லை.
ஒரு வாரம் வாசிக்கவே இல்லை;
அவனுக்குக் காய்ச்சல், பிறகு எங்கள் வேலைநிறுத்தம்,
பிறகு சும்மா.
சில இரவு இரண்டாம் பக்கத்திலேயே
நான் தூங்கிப்போனேன்.
கண் விழித்தால் பையன்
படகு அட்டவணையை
அடுப்புக்கு வாசித்துக்கொண்டிருப்பான்,
ஏதோ கதைபோல, குரலை ஏற்றி இறக்கி:
செவ்வாய் இரவு பதினொன்று,
வானிலை சரியில்லையேல் இல்லை.

ஆகஸ்டில் தொழிற்சாலைக் கடிதம் வந்தது.
பதினைந்து மாதம் கழித்து.
மேசையில் விரித்து
நான் உரக்கப் படித்தேன், அவன் கேட்டான்.
மூன்றாம் வரியில் ஒரு சொல்,
ரயில்போல நீளம்:
இந்தெம்... இந்தெம்னி...
ஆறாம் வகுப்போடு நின்றுபோன வாய்
அங்கே முட்டிக்கொண்டது.

அவனுக்கு அது தெரிந்திருக்கும்.
கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.
ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.
என் இடது கையைத் தன் பக்கம் இழுத்து
சுண்டுவிரலிலிருந்து மெல்லத் தொட ஆரம்பித்தான்.
மோதிர விரல். நடுவிரல்.
கட்டைவிரலுக்குத் தாவினான்.
குட்டை விரலைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

நான் காகிதத்திலிருந்து
தலையைத் தூக்கினேன்.

"அவசரப்படாதே அம்மா," என்றான்,
"இன்னும் அரை இருக்கு."