சாம்பல் நிற எழுத்துகள்

துர்க்கு நகரத்தில் டிசம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
ஹில்க்கா ராவ்தியோவின் மேசையில்
ஆறிப்போன காப்பி, ஜோடி தொலைத்த ஒரு கையுறை,
தீவுகளுக்கு ஓடும் படகின் சரிவுப்பாலம்
இறங்கலாமா கூடாதா என்று சொல்லும்
நானூற்றுப் பன்னிரண்டு வரி நிரல்.

செவ்வாயன்று பாலம் இறங்க மறுத்தது.
ஒரு பால் வண்டியும்
பல்வலியோடு ஒரு தபால்காரரும்
படகுக்குள்ளேயே நாற்பது நிமிடம்
கரையைப் பார்த்தபடி கிடக்க நேர்ந்தது.
ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

'காற்று' என்று தட்டுகிறாள்.
முந்திரிக்கொட்டை முந்திக்கொள்கிறது:
சாம்பல் நிறத்தில் மூன்று வரி,
அவள் நினைக்காததை
அவள் நினைத்த மாதிரியே எழுதி
சரிதானே, சரிதானே என்று நிற்கிறது.
சரியில்லை.
ஆனால் படித்துவிட்டாள்.
படித்ததைப் படிக்காததாக்க
விசைப்பலகையில் விசை இல்லை.

தலைக்குள் ஐந்து மாறிகள்
கைகோத்து நின்றிருந்தன.
ஒன்று கையை விட்டது.

முதலிலிருந்து.
காற்றின் வேகம், அலையின் உயரம், பாலத்தின் கோணம்,
பிறகு
ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது.
யோசனை ஒன்றும் வராதவளின் தலைமேல்
எதற்கு விளக்கு?
வாக்கியம் முடியுமுன்னே தப்பு தப்பு என்று
அடியில் நெளிகிறது சிவப்புக் கோடு.
முடிக்க விடேன், என்கிறாள் திரையிடம்,
மனுஷி இன்னும் வாயே மூடவில்லை.
வலது ஓரத்தில் முழுக் கோப்பும்
எறும்பு உயரத்துக்குச் சுருங்கித் தொங்குகிறது.
யார் படிக்க? எறும்பா?
கீழ்மூலையிலிருந்து எழும்புகிறது ஒரு பெட்டி:
புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதா, பிறகா?
வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் வைக்கவில்லை.

எதிர் மேசையில் தாபானிக்கு
இதெல்லாம் இருந்தால்தான் வேலை ஓடும்.
மழைச் சத்தம் கேட்டால்தான் தூங்குகிறவர்கள் இல்லையா,
அந்த மாதிரி.
அவன் திரை தேர்த்திருவிழா.
அவன் நிரலில் பிழையும் குறைவு. அதுதான் எரிச்சல்.

அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறாள்.
விளக்கை அணைக்கத் தேடினால்
தேடும் பெட்டியும் ஒரு சொல்லை முன்மொழிகிறது.
ஒவ்வொன்றாக அணைக்கிறாள்:
சாம்பல் எழுத்து போயிற்று.
விளக்கு போயிற்று.
எறும்புப் படம், நெளிகோடு, துள்ளும் பெட்டி,
அடைப்புக்குறிகளுக்கு யாரோ பூசிய வானவில்.
குளிர்பதனப் பெட்டியின் முனகல்
திடீரென்று கேட்கிறது.

மிச்சம் ஒன்று.
கர்சர் நிற்கும் வரியின் வாலில்
எழுதியவர் பெயரும் காலமும்
மங்கலாகத் தெரியுமே, அது.
இருநூற்று ஏழாவது வரி.
காற்று பன்னிரண்டுக்குக் குறைவானால் பாலத்தை இறக்கு.
வால் சொல்கிறது:
நீங்கள், ஆறு ஆண்டுகளுக்கு முன்.

செவ்வாய்க்கிழமைப் பதிவைப் புரட்டுகிறாள்.
காற்று: பன்னிரண்டு.
கூடவில்லை, குறையவில்லை,
நாற்பது நிமிடமும் பிசகாத பன்னிரண்டு.
படகுக்காரர்களின் கையேடோ
பன்னிரண்டு வரை இறக்கலாம் என்கிறது.

இலக்கணம் சரி. அதனால்தான்
இந்த வரியின்கீழ்
எந்தச் சிவப்பும் ஒருநாளும் நெளியவில்லை.
அன்று என்ன குறுக்கிட்டது?
நினைவில்லை.
விளக்கைக் குற்றம் சொல்ல
அவளுக்குக் கொள்ளை ஆசை.
ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன்
விளக்கு இல்லை, சாம்பல் எழுத்து இல்லை.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கதவைச் சாத்திக்கொண்டு
அவள் மட்டும்.

ஒரு சமக்குறி சேர்க்கிறாள்.
வால் மாறுகிறது: நீங்கள், சற்றுமுன்.
அதை மட்டும் அணைக்காமல் விடுகிறாள்.

சோதனைகள் ஓடுகின்றன.
வெளியே பனி வழிக்கும் வண்டி
கூரையில் மஞ்சள் விளக்குச் சுழல
தெருவைக் கடக்கிறது.
திரும்பிப் பார்க்கிறாள், முனை திரும்பும்வரை பார்க்கிறாள்.
எதற்கோ தாபானி சிரிக்கிறான்.

பதிவேட்டில் காற்று இருக்கிறது, கோணம் இருக்கிறது,
நொடி பிசகாமல் நேரமும் இருக்கிறது.
தபால்காரரின் பல் என்ன ஆயிற்று என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.