வீட்டுத் துரு

மூலக்கொத்தளத்தில் கிலோ கணக்கில் வாங்கினேன்.
தராசு மூன்றே முக்கால் காட்டியது.
இரும்பு விலைதான் போட்டான்;
அழுக்குக்குள் பித்தளை இருப்பது அவனுக்குத் தெரியவில்லை,
நான் சொல்லவில்லை.

முழ நீள இழைப்புளி. ஈட்டிமரப் பிடி.
மூக்கில் மூன்று இங்கிலீஷ் எழுத்தும்
61 என்று ஓர் எண்ணும் குத்தியிருந்தது.
பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறையில்
யாரோ ஓர் அறுபத்தொன்று.
இடக்கைக்காரன். பெருவிரல் தேய்த்த பள்ளம்
எனக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது.

மண்ணடியில் நஜ்முதீன் பாய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"கை வெச்சிடாத. உப்புத்தாள் போட்டியா, போச்சு.
இப்டியே இருந்தா பதினெட்டு.
பளபளன்னு கொண்டாந்தா மூணு.
துருவுக்குத்தான்யா காசு."
கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர்
இதற்கென்றே கண்ணாடி அலமாரி கட்டியிருக்கிறாராம்,
மாசம் பிறந்தால் வருவாராம்.

பன்னிரண்டு ரூபாய்த் தாளால்
பதினைந்தாயிரத்தைத் தேய்த்துவிடலாம்.
ராத்திரி இந்தக் கணக்கைச் சொன்னபோது
"அப்ப நம்ம வாசக் கேட்டு கோடி ரூபா போவும்" என்றாள்
என் மனைவி பிரிசில்லா.

காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு ரோடு, கொஞ்சம் கருங்கல், அவ்வளவுதான்.
கத்தரிக்கோல் ஒரே வாரத்தில் வாய் திறக்க மறுக்கும்.
சைக்கிள் மணி ஊமையாகும்.
எதையும் தொடாமல் வைப்பது என்பது
இந்தத் தெருவில் ஆகாத காரியம்.
நாம் கையை எடுத்தால்
காற்று கை வைக்கும்.

பழைய லுங்கியில் சுற்றி, அதன்மேல் தினத்தாள்,
அதன்மேல் உரச்சாக்கு. பரணில் ஏற்றினேன்.
இருபத்திரண்டு நாள். நடுவில் மழை.

பாய் நகத்தால் சுரண்டினார்.
"இது பழைய துரு. காப்பிக்கொட்டை கலரு, கெட்டி.
இது பாரு, விரல்ல ஒட்டுது, மஞ்சளா.
இது உன் வீட்டுத் துரு.
இதுக்குக் காசு கெடையாது."
விலை பதினொன்றுக்கு இறங்கியது.
"தொடச்சுக் கொண்டா. பழசைத் தொடாத."

மண்ணெண்ணெய், பல் தேய்க்கும் பிரஷ், பனியன் துணி.
எது அறுபத்தொன்றின் துரு, எது என்னுடையது?
ராத்திரி பூராவும் எல்லை தேடினேன்.
அடிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலம்
என்னை மீறி வெளுத்துவிட்டது,
வஞ்சிரத்தின் வயிறு மாதிரி.
கவிழ்த்து வைத்தேன். எழுந்து போய்த்
திரும்பவும் நிமிர்த்திப் பார்த்தேன்.

விடியற்காலை தேசம்மா வந்து நின்றாள்.
மழை குடித்து ஊதிய கக்கூஸ் கதவு
சட்டத்தில் மாட்டிக்கொண்டது;
பேத்தி உள்ளே, பரீட்சை ஒன்பதரைக்கு.
கரண்ட் இல்லை. என் மிஷின் செத்த எலி.

தோளால் முட்டித் திறந்து பெண்ணை அனுப்பினோம்.
கதவைக் கழற்றித் தெருவில் சாய்த்தேன்.
அலகைக் கல்லில் தீட்டினேன்,
ஓரம் தீட்டினால் எவ்வளவு குறையும் என்று
யாரையும் கேட்கவில்லை.
பெருவிரல் பள்ளத்தில் பொருந்தவில்லை.
கையை மாற்றினேன். பொருந்தியது,
ஆனால் அது என் கை இல்லை;
கோணலாய்த்தான் ஓடியது.

முதலில் பச்சை பெயிண்ட்,
அடியில் நீலம், அதற்கும் அடியில்
யாரும் மறந்துபோன ஒரு சிவப்பு,
அப்புறம் தேக்கு.
வாசனை தெருமுனை வரை போனது.
சுருள் சுருளாய்க் காலடியில்.
தேசம்மா கதவை மூன்று தரம் மூடித் திறந்தாள்,
நாலாம் தரம் சும்மா.
இருநூறு கொடுத்தாள்.

பாய் அடிப்பக்கத்தைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.
வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.
ஒரு சுருள் அங்கேயே சிக்கியிருந்தது.
வியர்த்தேன்.
ஊசியால் தொட்டுப் பார்த்துவிட்டு,
எடுக்காமல் விட்டார்.

"அந்தக் காலத்துத் தேக்கு. இருக்கட்டும்.
டாக்டருக்கு இதான் புடிக்கும்.
பதினொண்ணு ஐநூறு."

தெரிந்து சொன்னாரா, தெரியாமலா,
நான் வாயைத் திறக்கவில்லை.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

தேசம்மா வீட்டுக் கக்கூஸ் கதவு
கொஞ்சமாய்
கோயம்புத்தூர் போகிறது.