நான்கு மீட்டர் குழாய்

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை
மாவுக் கையோடுதான் பிரித்தேன்.
மக்வாலாவின் அடுப்பு. புகை. தொல்லை.
முப்பது நாள் அவகாசம்.
புகார் கொடுத்தவர்: கோச்சா, எதிர்வீடு.
ஒன்பது வருடமாக என்னிடம் ரொட்டி வாங்குகிறவன்.
நேற்றுகூட வாங்கினான்.
சில்லறை சரியாகக் கொடுத்தான்,
முகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

குத்தாயிசியில் எல்லோருக்கும் என் அடுப்பு தெரியும்.
தரையில் பதித்த மண் பீப்பாய்;
திராட்சைக் கொடியின் காய்ந்த கழிகள்தான் விறகு.
எரிந்து அடங்கிய பிறகு
இடுப்புவரை உள்ளே குனிந்து
மாவை அறைகிறேன் சுவரில்.
ஆம், அறைகிறேன். வேறு சொல் இல்லை.
அன்று ஒவ்வோர் உருண்டைக்கும்
கோச்சாவின் கன்னம் இருந்தது.
நூற்றிருபது ரொட்டி.
எல்லாம் அருமையாக வெந்திருந்தன என்பதை
வெட்கத்தோடு சொல்லிவைக்கிறேன்.

இரவு, பதில் எழுத உட்கார்ந்தேன்.
முதல் கடிதத்தில் அவனுடைய நாயைப் பற்றி.
இரண்டாவதில் அவன் அப்பனைப் பற்றி.
மூன்றாவதில் ஆண்டவரை இழுத்தேன்;
மூன்றிலும் மோசமானது அதுதான்.
வரிக்கு வரி அவர் என் பக்கம் நின்றார்,
நான் கூலி பேசி அமர்த்திய வக்கீல் போல.

விடியுமுன் மூன்றையும் அடுப்பில் போட்டேன்.
காகிதம் நிறையப் புகைந்தது.
அந்தப் புகை எங்கே போகிறது என்று
ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக
வெளியே வந்து பார்த்தேன்.

கூரையைத் தாண்டவில்லை.
ரியோனி ஆற்றுக் காற்று அதைப் பிடரியில் பிடித்து
நேரே எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனது.
ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டு செருகியிருந்தது.
உள்ளே இருமல்.
கோச்சாவின் இருமல் இல்லை அது.

அவன் மனைவி ஏத்தேரி
மருத்துவமனையிலிருந்து திரும்பியது எனக்குத் தெரியும்.
ஒரு நுரையீரலில் பாதி போனதும் தெரியும்.
கோயிலில் அவள் பேர் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.
ஏற்றிய கையோடு திரும்பி வந்து
அவள் ஜன்னலுக்கு நேராக
அடுப்பும் மூட்டியிருக்கிறேன்.

ஆண்டவரே, பொறுமை கொடும் என்றுதானே கேட்டேன்?
அளவு நாடாவை அல்லவா கையில் கொடுத்தீர்.

நான்கு மீட்டர் தகரக் குழாய்,
முழங்கை வளைவு இரண்டு,
கொத்தன் வாஜாவுக்குக் கூலி.
இரண்டு மாத லாபம் போயிற்று,
போதாததற்குக் கடன்.
எதிர்வீட்டுக் கதவைத் தட்டி,
"எந்த நேரம் அவளுக்கு மூச்சு மோசம்?" என்றேன்.
மூன்று கடிதத்துக்கும் கடகடவென்று வந்த சொல்
இந்த ஒரு கேள்விக்குத் தொண்டையில் சிக்கியது.
கோச்சா நிலைப்படியில் நின்று
நெடுநேரம் தன் செருப்பைப் பார்த்தான்.
"ஆறிலிருந்து எட்டு."
மன்னிப்பு கேட்பான் என்று கொஞ்சம் நின்றேன்.
கேட்கவில்லை.
நானும்தான்.

இப்போது மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுகிறேன்.
தூக்கம் கெட்டது, எரிச்சல் வருகிறது,
விறகை வைகிறேன், பூனையை வைகிறேன்;
பரிசுத்தவதி ஆகிவிடவில்லை நான்.

ஆனால் குழாய் ஏற்றிய அன்று
கூரை விளிம்பில் ஏணி ஆடவே இல்லை.
கீழே யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள்.
வாஜா என்று நினைத்தேன்.
வாஜா மேலே, என் பக்கத்தில்,
ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

புகை இப்போது உயரே எழுந்து
வலப்பக்கம் திரும்பி
பல் வைத்தியர் ஸுராபின் மாடிமேல் மிதக்கிறது.
அவர் இன்னும் எதுவும் எழுதவில்லை.
எழுதினால், ஆண்டவரே,
நான் பேனாவைத் தேடுவதற்குள்
தெருவுக்கு வந்து மேலே பார்க்கச் சொல்லும்.