முள்

பிஸ்கட் டின்னில் வந்து சேர்ந்தன ஆறு முகங்கள்,
ஆளுக்கொரு கம்பளிக் காலுறை போர்த்திக்கொண்டு.
ஐம்பத்தேழாம் வருடத்து டிரையம்ஃப்.
முன்பக்கம் முழுக்க வேறொரு காரிலிருந்து
வெட்டி ஒட்டியது என்றார் ஹெட்லி கார்பட்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கவென்ட்ரியில் மழை பெய்தால்
யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை,
டீ போடுவோம்.

"எல்லாம் சரியாகக் காட்டணும். அவ்வளவுதான்."

சின்னதிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.
எண்ணெய் அழுத்தமானிக்குள் ஒரு பித்தளைக் குழாய்
வில்லாக வளைந்து கிடக்கும்.
அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும்,
முழுசாக நிமிர முடியாது.
அந்த முடியாமையைத்தான்
முள் நமக்குப் படித்துக் காட்டுகிறது.

வெப்பமானிக்கு உயிர் ஈதர்.
செம்புக் குழாய் எங்கோ ஒடிந்து
எப்போதோ அது காற்றாகிப் போயிருந்தது.
செத்த மானி ஒன்றிடம் கடன் வாங்கினேன்.
வாளியில் ஐஸ், மேலே மீன்கடை உப்பு,
குளிரில் ஈதர் ஒடுங்கிக் கிடக்கும் கொஞ்ச நேரத்துக்குள்
குழாயோடு குழாயை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.
பிசகினால் புருவம் போகும்.
போன வருடம் போயிற்று. இடது.

பெட்ரோல் மானி பிறந்ததே பொய் சொல்லத்தான்,
திட்டிப் பயனில்லை.

கடைசியாக வேகமானி.
திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்:
சுழலும் காந்தமும்
முள்ளைச் சுமக்கும் அலுமினியக் கிண்ணமும்
ஒன்றையொன்று தொடுவதே இல்லை.
நடுவில் காகிதம் நுழையும் இடைவெளி.
காந்தம் ஓட ஓட
கிண்ணம் கூடவே போய்விடத் துடிக்கும்;
மயிரிழைச் சுருள்வில் ஒன்று
போகாதே என்று பிடித்து வைத்திருக்கும்.

கண்ணாடியைக் கழற்றி
கறுப்பு முகத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே வந்தேன்.
இருபது. நாற்பது. அறுபது.
எண்பதைத் தாண்டியதும்
வெள்ளையாய் ஒரு கீற்று.
தூசி என்றுதான் நினைத்தேன்.
பூதக்கண்ணாடி வேறு சொன்னது:
பெயின்ட். முள்ளின் பெயின்ட்.

வண்டி எதிலாவது முட்டி நிற்கும் நொடியில்
முள் வளைந்து முகத்தில் அறையும்.
அறைந்த இடம் அப்படியே இருந்துவிடும்,
அறுபது வருடம் ஆனாலும்.

போன் செய்தேன்.
"எண்பத்தைந்தில் ஒரு தடம். துடைக்கட்டுமா?"
அந்தப் பக்கம் கால்பந்து வர்ணனை.
யாரோ கோல் போட்டார்கள்.
பிறகு: "துடைக்க எவ்வளவு ஆகும்?"
"ஒன்றும் ஆகாது. ஒரு துண்டுப் பஞ்சு."
வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை.
பூதக்கண்ணாடி வழியே
வெகுநேரம் பார்த்தார், ஒரு கண்ணை மூட மறந்து.
"ராய்ஸ்டன் ஓட்டினான். நான் பக்கத்தில்.
விசாரணையில் நாற்பது மைல் என்றேன்.
அம்மாவிடமும் நாற்பது.
அப்புறம் எனக்கே..."
மீதியை டீயோடு விழுங்கினார்.

கண்ணாடியை மூடச் சொன்னார்.
துடைக்காமலா என்று நான் கேட்கவில்லை.
மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஓட்டிக் காட்டிவிட்டுக் கொடுப்பது முறை.
கேபிளை டிரில்லில் மாட்டி விசையை அழுத்தினேன்.
முள் எழுந்தது. இருபது.
நாற்பதில்
அவர் கை மேஜை விளிம்பைப் பற்றியது.
அங்கேயே நிறுத்திவிடுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.
எல்லாம் சரியாகக் காட்டணும்
என்றது அவர்தான்.
அறுபது. எழுபதில் ஒரு நடுக்கம். எண்பது.

எண்பத்தைந்தில் பிடித்து வைத்தேன்.
முள் தன் தடத்தின் மேலேயே வந்து படிந்தது,
அச்சாக.
அங்கே நின்றபோது மட்டும்
கறை தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.
டிரில் சுடத் தொடங்கியது.
"போதும்" என்றார்.

விசையை விட்டேன்.