பதினொரு கிலோமீற்றர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்த்தலொட் அண்ணன்
அதன் மிதிகளுக்கு ரப்பர் மாற்றினார்.
ஸ்டியரிங்கில் என் உள்ளங்கை மினுக்கிய இடத்தை
ஏதோவொரு நுரை போட்டுத் தேய்த்தார்.
சீற்றுகளுக்குப் புதுப் பொலித்தீன்.
மணம்தான் போய்விட்டது என்றார்.
அதற்கும் ஒரு போத்தல் இருந்தது.

மீற்றரைத் தொடவில்லை.
அந்தளவுக்கு நாங்கள் கெட்டவர்கள் இல்லை.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
கேட்டால் சொல்லு,
கேளாத கேள்விக்கு விடை எழுதாதே என்றார் மனேஜர்.
கடதாசியில் அது இன்னும் பிறக்கவேயில்லை:
கராஜ் இலக்கத்தில் ஓடியது,
எவர் பேருக்கும் பதியாதது,
ஆகவே புத்தம் புதுசு.

எனக்குத் தெரியும் அந்த மீற்றரை.
கல்லடிப் பாலத்தில் நாளுக்கு நாலு தரம்.
ஊறணிச் சந்திவரை முதல் கியரிலேயே
அதைக் கதறக் கதற ஓட்டிய வங்கிக்காரர்.
வாங்கப் போவதில்லையென்று எனக்கும் தெரிய
ஏசிக் குளிருக்காக ஏறிய புதுத் தம்பதி,
நாவலடியில் இறங்கிக் கடல் பார்த்துவிட்டு
யோசிச்சிட்டுச் சொல்றம் என்று போனவர்கள்.
மனேஜரின் மகளுக்கு ரியூசன்.
மனேஜரின் மாமியாருக்குக் கண் கிளினிக்.
கார்த்திகை மழையில் ஒருநாள்
வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து
பின்சீற்றில் நான் சுருண்டு கிடந்த இரவு,
அது மட்டும் மீற்றரில் ஏறவில்லை.

திங்கட்கிழமை விஜிதாமலர் வந்தார்.
கொக்கட்டிச்சோலைப் பக்கம் மிட்வைஃப்.
இருபத்தாறு வருசம் ஸ்கூட்டியில் புழுதி தின்றவர்,
வெள்ளம் வந்தால் வள்ளத்தில் போனவர்.
லீசிங் கடதாசிகளை ஈரம் படாமல்
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.
புதுசுதானே தம்பி?
புதுசு என்றேன்.
கியர் சரியாக விழாத சத்தம் ஒன்று
என் தொண்டைக்குள் கேட்டது.

ஏறி இருந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை.
குனிந்து நெம்பைப் பிடித்துச் சீற்றை முன்னுக்கு இழுத்தார்.
மூன்றாவது பல்லில் அது இறுகி நின்றது.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

தையில நான் ஓட்டிப் பார்த்தது இதுதானே?

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.
வலையிறவுப் பாலம்வரை போய் வந்தோம்.
எருமைகள் கடக்கும்வரை காத்திருந்து
எடுக்கும்போது இரண்டு தரம் நின்றுபோனது.
இந்த சீற் இறுகுதே என்று அன்றைக்கும் சொன்னார்.
புதுசில் அப்படித்தான் அக்கா என்று
அன்றைக்கும் நான்தான் சொன்னேன்.

மீற்றரை வாசித்தார்,
பச்சைப் பிள்ளையின் நிறையை வாசிப்பதுபோல்,
ஒவ்வொரு இலக்கமாக.
இதுக்குள்ள பதினொண்டு என்ட கணக்கு.

மனேஜரின் வசனம் என் வாயில் தயாராக இருந்தது:
இன்னும் ஒருத்தர் பேருக்கும் பதியல்ல அக்கா.

பிள்ளையப் பதிய ஒரு மாசம் எடுக்காங்க.
அதுக்காக அண்டைக்கா பிள்ளை பிறக்குது?

மனேஜர் குளிர்சோடாவோடு ஓடி வந்தார்.
ஐம்பதாயிரம் குறைத்தார்.
கால்மிதி இலவசம் என்றார், முதல் சேர்விஸ் இலவசம் என்றார்.
அவர் சோடாவை வாங்கி டாஷ்போர்ட்டில் வைத்தார்.
காசு மறுகா கதைப்பம்.
முதல்ல பில்லில அந்தச் சொல்ல வெட்டுங்க.

நான்தான் வெட்டினேன்.
நீலப் பேனை. மேலே டெமோ என்று எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம்.
மூன்று வருசத்தில் அந்த பில் புத்தகத்தில்
எனக்கு நடுங்காமல் விழுந்த கையெழுத்து அது.

பிறகுதான் விலை கதைத்தார்,
இரக்கமேயில்லாமல், மீன்வாடியில் கதைப்பதுபோல.
மனேஜர் இரண்டு தரம் கல்குலேட்டரைத் துடைத்தார்.
போகும்போது பொலித்தீனைத் தானே கிழித்து
என் கையில் தந்துவிட்டு
பின்சீற்றில் தொங்குதராசுப் பையை வைத்தார்,
நான் படுத்த இடத்தில்.

புதன்கிழமை அடுத்த டெமோ வந்தது. சிவப்பு.
மீற்றரில் ஒன்பது.
கப்பலில் ஏற்றி இறக்கிய ஒன்பது என்றார் மனேஜர்.
எத்தனையில் பழசு தொடங்கும் என்று நான் கேட்கவில்லை.
வெளியே ஒருவர் காத்துக்கொண்டு நின்றார்.
கதவைத் திறந்துவிட்டேன்.
செருப்பைக் கழற்றிப்போட்டு ஏறவா என்று கேட்டார்.