பன்னாடை

டால்விக் துறைமுகம், ஜனவரி.
பதினோரு மணிக்குத்தான் விடிகிறது.
மீன்தலை உலர்த்தும் கம்பெனியில்
கணக்கும் கணினியும் சோல்ரூன் பொறுப்பு.

அக்டோபரில் ஒரு விதி எழுதினாள்:
'அவசரம்' என்றால் தடு.
'வங்கிக் கணக்கு எண்' என்றால் தடு.
நைஜீரியாவிலிருந்து என்றால்
படிக்காமலே தடு.
மறுநாளே பெட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
முதலாளி கேக் வாங்கி வந்தார்.

நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்வதை
நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம்.
அஞ்சலுக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது,
கண் மட்டும் சரியாக இருந்தால்.

கிடங்கில் நானூறு மூட்டை அசையாமல் கிடக்க
இன்று குப்பையைக் கிளறினாள்.
பரிசு விழுந்த கோடிகள், ஆண்மை மாத்திரை,
சொத்தை ஒப்படைக்கத் துடிக்கும் விதவைகள்,
நடுவே
ஆபா சந்தை மீன் வியாபாரி
ஒபியாகெலி எசேயலா.
மூன்று கடிதம்.

'அவசரம். மீதிப் பணம் திரும்பி வந்துவிட்டது.
சரியான வங்கிக் கணக்கு எண் தரவும்.'

'கிடைத்ததா?'

'முன்பணம் வாங்கியதும் ஊமையாகிவிட்டீர்கள்.
முகம் தெரியாத வெளிநாட்டுக் கம்பெனி,
ஏமாற்றிவிடுவார்கள் என்று
என் தம்பி தலைபாடாய் அடித்துக்கொண்டான்.
நான்தான் கேட்கவில்லை.'

சோல்ரூனுக்குக் காது சூடேறியது.
மூன்றாம் விதியை அழித்தாள்.
முதல் இரண்டின் மேல் விரல் நின்றது;
அவற்றை விட்டுவைத்தாள்.

பிறகு பதில்:
'மன்னிக்கவும். மிக அவசரம்.
எங்கள் வங்கிக் கணக்கு எண்'
என்பதுவரை அடித்தவள்
தான் எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்தாள்.

தொலைபேசியை எடுத்தாள்.